துவக்கைக் கழற்றித் துடைத்த கதை: இடியனிலிருந்து பிஸ்டல் வரை

நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

2019க்குப் பிறகு எங்கள் ஊர்களில் "துவக்கு" என்ற சொல்லையே கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். ஒரு முஸ்லிம் வாத்தியார் துவக்கைப் பற்றி முகநூலில் எழுதுகிறார் என்றால், "சேருக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்பீர்கள். வந்தது இதுதான். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஒருவர் பளபளவென்று செதுக்கி, தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் செய்வித்த ஒரு பிஸ்டலை மேசையில் வைத்து, துண்டு துண்டாகக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடியும் பூட்டுகிறார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். பறித்து வைத்து ஏசியிருக்கலாம். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவனுக்கு ஏசுவதைவிடச் சொல்லுவதற்கு நிறைய இருந்தது. ஏனென்றால் அந்த வீடியோவில் இருப்பதன் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை. பாதிக் கதை நம்முடைய களப்போரத்தில் நடந்தது.

முதலில் சொல்லையே பாருங்கள். தமிழ்நாட்டில் துப்பாக்கி என்பார்கள். நாம் துவக்கு என்கிறோம். சிங்களத்தில் துவக்குவ. துருக்கியரின் "துஃபெக்" என்ற சொல், பாரசீகம், இந்துஸ்தானி என்று கைமாறி வந்து இப்படிப் பிள்ளைகுட்டி போட்டது என்று சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் சொல்வார்கள். சாமான் வந்த வழியிலேயே சொல்லும் வந்தது. ஆனால் "இடியன்" என்ற சொல் வேறெங்கிருந்தும் வரவில்லை. வாய்ப்பக்கத்தால் மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து இடித்து இறுக்கினதால் அது இடியன் துவக்கு. பெயரைச் சொன்னாலே வேலை விளங்கும்.

நம் பகுதிக்கு வெடிமருந்து எப்போது வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எழுத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1602 மே மாதம் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்து இறங்கினார். இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 4000 முஸ்லிம்களை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1628இல், புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1638 மே 18இல் வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்துப் படையும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து அதைப் பிடித்தன. பீரங்கியை நம்பிக் கட்டின கோட்டை பீரங்கியாலேயே போனது.

இந்தக் கோட்டைக்குள்தான் பிறகு கச்சேரி நெடுங்காலம் இருந்தது. பயிர்க்காவல் துவக்குக்கு லைசன் எடுக்கவும் புதுப்பிக்கவும் நம் போடிமாரும் வட்டவிதானைமாரும் போய் நின்றது அதே கோட்டைச் சுவருக்குள். யோசித்தால் சிரிப்பு வரும்.

வெள்ளைக்காரன் துவக்கைக் கொண்டுவந்தான், நம்மவர்கள் வாங்கிச் சுட்டார்கள் என்று நினைக்காதீர்கள். லின்ஸ்கொட்டன் என்ற ஒல்லாந்தர் கோவாவில் இருந்துவிட்டுப் போய் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய பயண நூலில், இலங்கைக் கொல்லர்கள் செய்யும் துவக்குக் குழல்களை மிகவும் புகழ்ந்திருக்கிறார். போர்த்துக்கேயரிடம் பார்த்துப் படித்த ஒரு நூற்றாண்டுக்குள் அவர்களே மெச்சும் அளவுக்கு இந்த நாட்டுக் கொல்லர்கள் வந்துவிட்டார்கள். கண்டிக் காலத்துத் துவக்குகளை நூதனசாலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து விரிந்திருக்கும், தந்தமும் வெள்ளியும் பதித்திருக்கும். சுடுகிற பூட்டு பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம். பார்த்துச் செய்தார்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் செய்யவில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்டுப் போன பொருட்களில் ஆறு 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தனவே, நினைவிருக்கிறதா? லெவ்கே திசாவையின் சிறு பீரங்கியை எல்லோரும் படம் போட்டார்கள். அதோடு இரண்டு "மகா துவக்கு"களும் வந்தன. அவற்றை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கழற்றும் கதைக்கு வருவோம்.

கண்டிக் கொல்லன் செய்த துவக்கு ஒவ்வொன்றும் தனிப்பிறவி. ஒரு துவக்கின் ஆணி இன்னொன்றுக்குப் பொருந்தாது. அரத்தால் ராவி ராவி, அந்த ஓட்டைக்கு அந்த ஆணி என்று செய்திருப்பார்கள். இரண்டு துவக்கைக் கழற்றிச் சாமானைக் கலந்து போட்டால் இரண்டும் போச்சு. ஐரோப்பாவிலும் அப்போது இதுதான் நிலைமை. 1785இல் பிரான்சில் ஒனோரே பிளான் என்ற துவக்குச் செய்பவர், அங்கே தூதுவராக இருந்த தோமஸ் ஜெபர்சனுக்கு (பிறகு அமெரிக்க ஜனாதிபதியானவர்) ஒரு வேடிக்கை காட்டினார். ஐம்பது துவக்குப் பூட்டுகளின் உறுப்புகளைக் கழற்றி வைத்திருந்தார். வந்த கைக்கு அகப்பட்டதை எடுத்து ஜெபர்சனே சில பூட்டுகளைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. ஜெபர்சன் அதை ஆச்சரியத்தோடு ஊருக்குக் கடிதமாக எழுதினார். இன்று உங்கள் மோட்டார்சைக்கிளுக்கு ஒரு சாமான் போய்விட்டால் கடையில் புதிதாக வாங்கிப் போட்டு ஓடுகிறீர்களே, அந்த வசதியின் தகப்பன் அந்தத் துவக்குப் பூட்டுத்தான். மனிதனைக் கொல்லுகிற சாமானில் இருந்து எத்தனை நல்ல காரியம் பிறந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

சரி, ஏன் கழற்ற வேண்டும்? ஏன் துடைக்க வேண்டும்? அழகுக்காக அல்ல. இதில் நம் களப்புக்காரனுக்கு விளங்காத விடயம் எதுவும் இல்லை.

கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இந்த நாட்டு வெடியுப்பை வௌவால் குகைகளின் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்ததை, ஜோன் டேவி என்ற ஆங்கில வைத்தியர் 1821இல் வெளியான தன் நூலில் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். இந்த மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் சாம்பலாகவும்தான் போகும். குழலுக்குள் கரியும் உப்பும் கெட்டியாகப் படியும். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நம்முடைய காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. மாரியில் தகரப்பேணியே ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும் ஊர் இது. இராத்திரி பன்றிக்கு ஒரு வெடி வைத்துவிட்டு, காலையில் துடைக்காமல் சாய்த்து வைத்தால் இரண்டு நாளில் குழலின் உட்புறம் செம்மண் நிறமாகிவிடும்.

எண்ணெய் போட்டால் இந்த உப்புக் கரையாது. தண்ணீருக்குத்தான் கரையும். ஆகவே இடியன் வைத்திருந்த பழைய ஆட்கள் முதலில் சுடுதண்ணி ஊற்றிக் குழலைக் கழுவினார்கள், பிறகு கம்பியில் சீலை சுற்றித் துடைத்துக் காயவைத்தார்கள், கடைசியாகத்தான் எண்ணெய். ஆழ்கடலுக்குப் போய் வந்த தோணிக்காரர் எஞ்சினை நல்ல தண்ணியில் கழுவிவிட்டு வைப்பாரே, அதே கணக்கு. எங்கள் மூத்தாப்பா தேங்காயெண்ணெய்தான் போடுவாராம். நாள்பட்டால் அது பிசுக்குப் பிடிக்கும் என்று பிறகு தையல் மெசின் எண்ணெய்க்கு மாறியதாக வாப்பா சொல்வார்.

இங்கிலாந்துப் பட்டாளமும் இந்தப் பாடத்தைத்தான் படித்தது. 303 ரைபிளின் அடிக்கட்டைக்குள் ஒரு சின்ன அறை உண்டு. அதற்குள் ஒரு எண்ணெய்ப் போத்தலும் ஒரு நூல்கயிறும் இருக்கும். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு. அதைக் குழலுக்குள் விட்டு மறுபக்கத்தால் இழுத்தால், கயிற்றில் கோர்த்த துணித்துண்டு முழுக் குழலையும் துடைத்துக்கொண்டு வரும். "புல்த்ரூ" என்பார்கள். முன்பு பாடசாலைக் கடேற் படையில் இருந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தச் சொல்லைக் கேட்டதும் முதுகை நிமிர்த்துவார்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் அடிமூடியில் இருந்த பற்றவைக்கும் மருந்தும் எரிந்தபின் ஒரு வகை உப்பைத்தான் மிச்சம் விட்டது. புகையில்லா மருந்து வந்த பிறகும் பட்டாளத்தான் குழலுக்குள் கொதிதண்ணி ஊற்றியதன் காரணம் அதுதான்.

எண்ணெய் என்று வந்துவிட்டதால் 1857ஐச் சொல்லாமல் போக முடியாது. என்பீல்ட் ரைபிளின் தோட்டா கடதாசியில் சுற்றி, கொழுப்புத் தடவி வந்தது. கொழுப்பு தடவினால்தான் சன்னம் குழலுக்குள் வழுக்கி இறங்கும், கரியும் இளகும். ஆனால் தோட்டாவைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி வட இந்தியப் படைமுகாம்களில் பரவியது. ஏப்ரல் 24ஆம் திகதி மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள், மற்றவர்கள் இந்துக்கள். மே 9இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10இல் மீரட் எரிந்தது. அவரவர் விருப்பப்பட்ட எண்ணெயை, மெழுகைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று கொம்பனி அந்த வருடத் தொடக்கத்திலேயே சொல்லிப் பார்த்தது. சந்தேகம் வந்த இடத்தில் சலுகை எடுபடவில்லை. கிளர்ச்சிக்கு வரி, நிலம், அரசு என்று வேறு ஆழமான காரணங்கள் இருந்தன. ஆனால் தீப்பெட்டியை உரசினது துவக்குப் பராமரிப்பில் ஒரு சின்ன விடயம். வகுப்பில் இதைச் சொன்னால் ஹலால் சேர்டிபிகேட் பற்றிப் பகிடி விடாத பையன் இல்லை. விடட்டும். தேதி மறக்காது.

இனி அந்த வீடியோவில் இருந்த பிஸ்டல்.

ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு வெடி. அந்த வெடியின் உதைப்பே வெற்றுக்கோதை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். இதைத்தான் அரைத்தானியங்கி என்கிறார்கள். கருமருந்துக் காலத்தில் இது நடந்திருக்காது. நாலு வெடியில் கரி அடைத்து எல்லாம் இறுகிவிடும். 1884இல் பிரான்சில் வியேய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. அந்த வழியில் அதிக தூரம் போனவர் ஜோன் பிறவுணிங். 1855இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒக்டன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனும் துவக்குத் திருத்துகிறவர்தான். குழலின் மேலே ஒரு இரும்புக் கூடு முன்னும் பின்னும் சறுக்கும் அமைப்பு அவருடைய யோசனை. இன்று உலகத்தில் நீங்கள் காணும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான்.

1911 மார்ச் 3இல் அமெரிக்க இராணுவம் ஒரு பரீட்சை வைத்தது. ஒரே பிஸ்டலில் 6000 வெடி. நூறு வெடிக்கு ஒருமுறை ஆறவிட வேண்டும். ஆயிரம் வெடிக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும். சூடு ஏறினால் தண்ணீரில் தோய்த்தார்கள் என்றும் சொல்வார்கள். பிறவுணிங்கின் பிஸ்டல் ஒரு தடவைகூட சிக்கவில்லை. மார்ச் 29இல் அது இராணுவத்தின் ஆயுதமானது. "எம் 1911" என்று படங்களில் கேட்டிருப்பீர்கள். அதன் பெரிய கெட்டித்தனம் குறி பார்ப்பதில் அல்ல, கழற்றுவதில். சேற்றுக்குள் கிடக்கும் சிப்பாய் திருப்புளி இல்லாமல், வெறுங்கையால், அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டலாம். மேல்கூடு, குழல், சுருள்வில், கீழுடல் என்று நாலு பெரிய துண்டுகளாக வந்துவிடும். பிறவுணிங் 1926இல் பெல்ஜியத்தில் வேலை மேசையிலேயே மாரடைப்பால் இறந்தார். அவர் தொடங்கி வைத்த இன்னொரு பிஸ்டலை செய்வ் என்ற பெல்ஜியக்காரர் முடித்தார். 1935இல் வெளிவந்த அந்த "ஹைபவர்" பிஸ்டலைத்தான் இந்தியா இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. 1987க்குப் பிறகு நம் தெருக்களில் இந்திய அமைதிப்படை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியதைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியானால் "கஸ்டம்" பிஸ்டல்? இங்கேதான் வேடிக்கை. தொழிற்சாலைப் பிஸ்டலில் உறுப்புகள் கொஞ்சம் தளர்வாக இருக்கும். தளர்வு இருந்தால்தான் மண் போனாலும் ஓடும், கையால் கழற்றவும் முடியும். ஆனால் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரருக்குத் தளர்வு பிடிக்காது. ஆகவே கைதேர்ந்த கொல்லன் ஒருவரிடம் கொடுத்து, குழலின் முனையை இறுக்கி, சறுக்கும் தடத்தை ராவி, அந்தப் பிஸ்டலுக்கு அந்த உறுப்பு என்று செய்விக்கிறார்கள். துல்லியம் கூடும். ஆனால் கையால் கழற்ற முடிந்த சாமானுக்கு இப்போது சிறப்புச் சாவி வேண்டும். உறுப்பு போனால் கடையில் வாங்கிப் போட முடியாது, மறுபடியும் அதே கொல்லனிடம் ஓட வேண்டும். கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் சிக்கும், ஆகவே அடிக்கடி துடைக்க வேண்டும். தந்தம் பதித்த கண்டித் துவக்குக்கே திரும்பிப் போய்விட்டார்கள், பார்த்தீர்களா? பிள்ளைகள் வியந்து பார்த்த அந்த நவீனம் நானூறு வருடப் பழைய முறை.

ஆனால் அந்த வீடியோவில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்த ஆள் முதலில் மெகசினைக் கழற்றினார். கழற்றியதோடு நிற்கவில்லை. மேல்கூட்டைப் பின்னால் இழுத்து, குழலின் அறைக்குள் கண்ணால் பார்த்தார், விரலையும் விட்டுப் பார்த்தார். பிள்ளைகள் அதைக் கவனிக்கவேயில்லை. மெகசினைக் கழற்றினாலும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். "வெறும் துவக்கு" என்று நினைத்துத் துடைக்கும்போது வெடித்துச் செத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அதில் பட்டாளத்தார், பொலிஸார் கூட உண்டு. சில வகைப் பிஸ்டல்களைக் கழற்றுவதற்கு முதலில் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். அறையைப் பார்க்காமல் இழுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி எழுதப் போவதைச் சிலர் விரும்பமாட்டீர்கள். எழுதத்தான் வேண்டும்.

நம் பகுதியில் துவக்கு என்றால் நீண்டகாலம் அது வட்டைக்காவல் சாமான். 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம் வந்து, வருடா வருடம் லைசன் புதுப்பிக்க வேண்டும் என்று ஆனது. படுவான்கரையில் யானை, பன்றி, மயில். பரணில் ஒரு ஒற்றைக்குழல் துவக்கு. லைசன் இல்லாதவன் காட்டுப் பாதையில் கட்டுத்துவக்கு கட்டினான். அதில் மிருகமும் விழுந்தது, விறகுக்குப் போன மனிதரும் விழுந்தார்கள். எண்பதுகளின் நடுவில் வீட்டுத் துவக்குகளை இயக்கங்கள் வந்து எடுத்துப் போயின. மிச்சம் பொலிஸுக்குப் போனது. பரண் வெறுமையானது. அதே காலத்தில் தெருவில் துவக்கு நிறைந்தது.

1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, இஷாத் தொழுகை. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் ஸுஜூதில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஒன்பதாம் நாள் ஏறாவூர், அங்கும் நூற்றுக்கு மேல். மீரா பள்ளிச் சுவரில் அந்தச் சன்ன ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன. வெளியூர் ஆட்கள் வந்தால் விரலை விட்டுப் பார்ப்பார்கள். நான் ஒருநாளும் விட்டதில்லை.

அதன் பிறகு ஊர்காவல் படையில் நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். முதலில் கையில் கொடுத்தது பெரும்பாலும் தோட்டாத் துவக்கு, பிறகு ரி-56. எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு காவலரண் இருந்தது. மணல்மூட்டை, தென்னங்குற்றி, கிடுகுக் கூரை. நான் அப்போது ஏழு, எட்டு வயதுப் பொடியன். உம்மா தரும் பிளேன்ரியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பின்னேரத்தில் ஒரு காக்கா சாக்கை விரித்து, துவக்கைக் கழற்றி, பழைய சாரத்துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார். தொழில் ஒரு தையல்கடை. நூல் கோர்க்கும் விரலால் சுருள்வில்லைப் பிடித்திருப்பார். "தள்ளி நில்லு மனே, வாய்ப்பக்கம் நிக்காத" என்பார். கழற்றிக் கிடக்கும்போதும் வாய்ப்பக்கம் நிற்க விடமாட்டார். அவரிடம் ஒருநாள் பயமா என்று கேட்டேன். "கழட்டிக் கிடக்கிற நேரந்தான் பயம்" என்றார். அப்போது விளங்கவில்லை.

அதே துவக்குகளைப் பற்றிய மற்றக் கதையும் உண்டு. 1990 ஓகஸ்ட் 12இல் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டதில் இராணுவத்தோடு ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்ற சாட்சியங்கள் உண்டு. நாம் ஓகஸ்ட் 3ஐ நினைவுகூர்வது போல அவர்கள் அந்த நாட்களை நினைவுகூர்கிறார்கள். காவலுக்குத் தந்த துவக்கு காவலோடு நிற்கவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லிக் கேட்டால் அது சண்டையாகத்தான் காதில் விழும். கொமண்டில் ஏச வேண்டுமானால் ஏசுங்கள். நான் அழிக்கமாட்டேன்.

சட்டம் இப்போது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பயிர்க்காவல் துவக்குக்கு மாவட்டச் செயலாளர். தற்பாதுகாப்புக்கான பிஸ்டலுக்குப் பாதுகாப்பு அமைச்சு. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்காகக் கொடுத்தவற்றையே மீள ஒப்படைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார்கள். லைசன் இல்லாமல் வைத்திருப்பது பாரதூரமான குற்றம், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமை. வீடியோ பார்த்து ஆசைப்படும் பொடியன்மாருக்கு இந்தப் பந்தியை மட்டும் காட்டினாலும் போதும்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு விடயத்துக்கு. 2017 ஜூனில் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. ஆனால் முப்பது வருட யுத்தத்தில் எத்தனை சாமானைக் கிணற்றிலும் களப்பிலும் கண்டல் வேரடியிலும் போட்டிருப்பார்கள்! ஒரு நாளைக்கு ஏதாவது வலையில் வரும், அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டும். துருப்பிடித்ததுதானே, செத்த சாமான்தானே என்று நினைப்போம். துரு இரும்பைத்தான் தின்னும். தோட்டாவின் பித்தளைக்குள் இருக்கும் மருந்து அப்படியே கிடக்கலாம். கழற்றும் வீடியோவை நூறு தடவை பார்த்த பிள்ளைக்கு, கையில் ஒன்று கிடைத்தால் என்ன தோன்றும்? அதைத்தான் பத்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் ஒளிக்காமல் சொன்னான்: "கழட்டிப் பாக்கத்தான் சேர் தோணும்."

ஆகவே தோணிக்காரர்கள், மேசன்மார், பிள்ளைகள் எல்லோருக்கும்: அப்படி ஏதும் கண்டால் தொடவேண்டாம், கழுவவேண்டாம், படமெடுக்கக் கிட்டப் போகவேண்டாம். இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு விலகி வந்து 119க்கு எடுங்கள். பொலிஸுக்குச் சொன்னால் நம்மையே பிடிப்பார்கள் என்ற பயம் 2019க்குப் பிறகு பலருக்கு உண்டு, எனக்கும் தெரியும். தனியாகப் போகப் பயமென்றால் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவரையோ கிராம சேவகரையோ கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் தயக்கமென்றால் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன்.

இன்னொன்று. மூன்றாம் தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து நம் பகுதியின் வட்டைக்காவல் வரலாற்றைச் சேகரிக்க இருக்கிறோம். உங்கள் மூத்தாப்பா, பெரியவாப்பாமாரின் பழைய துவக்கு லைசன் புத்தகம், கச்சேரிக் கடிதம், பரணில் நின்று எடுத்த படம் ஏதும் பெட்டிக்குள் கிடந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். கடதாசி மட்டும் போதும். துவக்கை யாரும் கொண்டுவர வேண்டாம்.